நண்டின் கொடுக்கில் இரண்டு புரதங்கள்

ஜனவரி 11

அன்புள்ள அண்ணிக்கு,

போனிலேயே சொல்லியிருக்கலாம். எண்ணைப் போட்டுவிட்டு, மணி அடிப்பதற்குள் வைத்துவிடுகிறேன். எடுத்ததும் "என்ன வண்டு, சாப்பிட்டியா?" என்பீர்கள். நான் "ம்" என்பேன். அம்மாவின் இடுப்பு வலி, பாப்பாவின் பரீட்சை, அண்ணனின் மறதி என்று ஒரு சுற்று பேசிவிட்டு வைத்துவிடுவோம். இந்த விஷயத்தை அந்தப் பேச்சுக்கு நடுவில் செருக முடியாது. அதனால்தான் கடிதம்.

நம் கட்டுரை தப்பு, அண்ணி.

எழுதிவிட்டேன். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். இனி ஒழுங்காகச் சொல்கிறேன்.

நண்டின் கொடுக்கை விரித்தால் உள்ளே இருக்கும் தசை நீள்கிறது, விட்டால் தானாகவே பழைய நீளத்துக்கு வந்துவிடுகிறது. அப்படித் திரும்ப இழுப்பவை இரண்டு புரதங்கள் என்று எழுதினோம். ஒன்று மிகப் பெரியது, தசையை நன்றாக நீளவிடுவது. இன்னொன்று சின்னது, விறைப்பானது, எல்லை மீறாமல் பிடித்து நிறுத்துவது. அதுவரை யாரும் சொல்லாதது. பாடப்புத்தகத்தில்கூட ஒரு வரி வந்தது. அந்தப் பக்கத்தை அண்ணனிடம் காட்டினீர்கள். "இத்தனை வருஷம் இதுக்காகத்தான் வீட்ல நண்டு நாத்தமா?" என்று கேட்டார்.

இரண்டு இல்லை, அண்ணி. ஒன்றுதான். சின்னது என்று நாம் சொன்னது பெரியதன் உடைந்த துண்டு.

இங்கே ஆய்வகத்தில் என் வேலை தேனீயோடு. அதன் சிறகுத் தசையில் இருக்கும் மீள்புரதம் குட்டையானது, விறைப்பானது. கால் தசையில் இருப்பது நீளமானது. ஆனால் இரண்டும் ஒரே மரபணுவிலிருந்து வருகின்றன. நம் நண்டிலும் அப்படித்தானா என்று பார்க்க ஆசைப்பட்டேன். இப்போது நண்டின் மரபணுக்கள் அத்தனையையும் படித்து வைத்திருக்கிறார்கள். நாம் படித்த காலத்தில் அது இல்லை. தேடினேன். பெரியது இருக்கிறது. சின்னதற்குத் தனி மரபணு இல்லை. சரி, பெரியதன் குட்டை வடிவமாக இருக்கும் என்று சின்னதன் நுனியைப் படித்தேன். ஒரு புரதம் தொடங்க வேண்டிய இடத்தில் அது தொடங்கவில்லை. யாரோ பேசிக்கொண்டிருக்கும்போது கதவைத் திறந்ததுபோல நடு வாக்கியத்தில் தொடங்குகிறது.

பிறகு நண்டு வாங்கி வந்தேன். அறுத்த கொடுக்குத் தசையை உடனே கொதிக்கும் சோப்புக் கரைசலில் போட்டால் பெரியது மட்டும்தான் தெரிகிறது. கொஞ்ச நேரம் மேசைமேல் விட்டுவிட்டுப் போட்டால் சின்னது வருகிறது. விட விட அது கூடுகிறது, பெரியது குறைகிறது. தசையில் இருக்கும் நொதியே பெரியதை ஒரே இடத்தில் வெட்டிவிடுகிறது. கொதித்தால் அந்த நொதி செத்துவிடும்.

சமீபத்தில் ஒரு மாநாட்டில் ஒரு பெண்ணைப் பார்த்தேன். ஆராய்ச்சிப் படிப்பு முழுவதையும் அந்தச் சின்னப் புரதத்தின் மரபணுவைத் தேடியே கழித்திருக்கிறாள். "எனக்குக் கை வராதுன்னு நினைச்சு விட்டுட்டேங்க" என்றாள். நான் கோப்பையில் இருந்த காபியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நம்மோடு அதை எழுதிய நம் பேராசிரியர் இப்போது உயிரோடு இல்லை. மிச்சம் இருப்பது நாம் இரண்டு பேர். முதல் பெயர் உங்களுடையது. கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம், ஏன் என்பதற்கு இதோ புதுக் கட்டுரை என்று இருவரும் சேர்ந்து எழுதலாம். நீங்கள் சம்மதிக்காமல் நான் ஒரு வரிகூட வெளியே அனுப்ப மாட்டேன்.

உங்கள்
வண்டு


ஜனவரி 24

வண்டுக்கு,

கடிதம் வந்தது. உன் அண்ணன்தான் தபால் பெட்டியிலிருந்து எடுத்து வந்தார். "என் தங்கச்சிக்கு என்ன திடீர்னு கடிதம் எழுதற வியாதி?" என்றார். பாப்பாவுக்குப் பிறந்தநாள் வாழ்த்து என்று சொல்லிவிட்டேன். பாப்பாவின் பிறந்தநாள் எப்போது என்று அவருக்கு ஞாபகம் இல்லாதது நல்லதாகப் போயிற்று.

நீ எழுதியதைச் சமையலறையில் நின்றபடியே படித்தேன். மூன்று பக்கம் விளக்கம், ஒரு பக்கம் வேண்டுகோள். "எப்படி இருக்கிறீர்கள்?" என்று ஒரு வார்த்தை இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

எங்கள் கல்லூரியில் துறைத்தலைவர் பதவி காலியாகிறது. ஏப்ரலில் நேர்காணல். இரண்டே பேர். ஒன்று நான். இன்னொருவர் முதல்வர் தும்மினாலும் ஆமாம் போடுகிற ஆள், நாங்கள் அவருக்குத் தலையாட்டி என்று பெயர் வைத்திருக்கிறோம். அவர் எழுதிக் குவித்த கட்டுரைகளை அவர் மனைவிகூடப் படித்திருக்க மாட்டார். நான் எழுதியது ஒன்று. ஆனால் அது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அந்த ஒன்றைத்தான் நீ திருப்பிக் கேட்கிறாய்.

உண்மை பேச உனக்கு வசதி இருக்கிறது. நல்ல ஆய்வகம், நல்ல கருவிகள், தேனீ, கேட்டதும் கிடைக்கும் நண்டு. எனக்கு இங்கே ஒரு நுண்ணோக்கி. அதற்கு முன்னால் எண்பது பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள். பார்த்துவிட்டு, "மேடம், இதுல ஒண்ணுமே தெரியல" என்கிறார்கள்.

நீ இப்போது உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்கு நீ எப்படிப் போனாய் என்று உனக்கு நினைவிருக்கிறதா? அந்த இடத்தைப் பேராசிரியர் வாங்கியது எனக்காக. உன் அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்ட வாரம். ஆஸ்பத்திரி வராந்தாவில் நாம் மூன்று பேரும் நின்றோம். "யாராவது ஒருத்தர் கூட இருக்கணும்ல" என்றார் உன் அண்ணன். சொல்லும்போது தன்னைப் பெற்ற தாயின் மகளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். நீயும் என்னைத்தான் பார்த்தாய்.

நான் இருந்தேன். நீ போனாய். அந்தக் கட்டுரை ஒன்றாவது என் பெயரில் இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டுதான் உன் அம்மாவின் படுக்கைத் தட்டைக் கழுவினேன்.

இன்னொன்று. நண்டை அறுத்ததும் தசையை எடுத்ததும் நீ. அளந்ததும் எழுதியதும் நான். உடைந்த துண்டு என்கிறாயே, உடைந்தது யார் மேசையில்?

கையெழுத்துப் போட முடியாது.

அண்ணி


பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணிக்கு,

"எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்காதது தப்புதான். இப்போது கேட்டால் அதுவும் நாடகமாகத் தெரியும். விட்டுவிடுகிறேன்.

மேசை என்னுடையதுதான். ஆனால் அந்த வாரத்தை நீங்கள் மறந்துவிட்டீர்கள் போல. பனிக்கட்டி இயந்திரம் கெட்டுப்போய்த் தரையெல்லாம் தண்ணீர். நான் நண்டைக் கையில் பிடித்துக்கொண்டு உங்கள் அறை வாசலில் வந்து நின்றேன். அப்போது உங்களை அக்கா என்றுதான் கூப்பிடுவேன், அண்ணனை உங்களுக்கு இன்னும் அறிமுகப்படுத்தவில்லை. "அக்கா, ஐஸ் இல்லாம அறுக்கலாமா?" என்று கேட்டேன். நீங்கள் தலையை நிமிர்த்தாமல், "நண்டு என்ன ஐஸ்லயா குடும்பம் நடத்துது? அறு" என்றீர்கள். நான் சிரித்துக்கொண்டே போய் அறுத்தேன். உங்கள்மேல் பழி போட இதை எழுதவில்லை. ஐஸ் இருந்திருந்தாலும் உடைந்திருக்கும், கொஞ்சம் மெதுவாக உடைந்திருக்கும், அவ்வளவுதான். அப்போது யாருக்கும் தெரியாத விஷயம்.

ஆஸ்பத்திரி வராந்தா. ஆமாம், உங்களைப் பார்த்தேன். "நான்தான் போவேன்" என்று நீங்கள் சொல்லுவீர்கள் என்று பார்த்தேன். நீங்கள் சொல்லியிருந்தால் நான் இருந்திருப்பேன். இதை நீங்கள் நம்ப மாட்டீர்கள். சில நாள் நானே நம்புவதில்லை.

வசதி என்கிறீர்கள். இங்கே எனக்கு ஒப்பந்த வேலைதான். ஜூன் வரைக்கும். அதற்குள் கையில் ஒரு கட்டுரை இருந்தால் நீட்டிப்பார்கள், இல்லாவிட்டால் பெட்டி கட்ட வேண்டியதுதான். அந்தக் கட்டுரை இதுதான், எழுதி முடித்து மேசைமேல் வைத்திருக்கிறேன். உங்கள் பெயரை முதலில் போட்டிருக்கிறேன். சின்னதைக் கண்டவரே அதைத் திருத்தினார் என்றால் அது உங்களுக்கு இழுக்கு இல்லை அண்ணி, பெருமை.

என்னை நம்ப வேண்டாம். நண்டை நம்புங்கள். சந்தையில் உயிருள்ள நண்டாக வாங்குங்கள். ஒரு கொடுக்கின் தசையை எடுத்த அந்தக் கணமே கொதிக்கும் கரைசலில் போடுங்கள். இன்னொரு கொடுக்கின் தசையைத் தட்டில் வைத்துவிட்டு டீ குடித்துவிட்டு வாருங்கள். பிறகு கொதிக்க வையுங்கள். இரண்டையும் ஜெல்லில் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டுங்கள், பெரியது மேலேயே நிற்கும், சின்னது கீழே இறங்கும். ஜெல் கூழ் மாதிரி இருக்கும், தூக்கும்போது கிழியும், அது உங்களுக்குத் தெரியாததா? நீங்கள் ஒன்றைக்கூடக் கிழித்ததில்லை. நான்தான் எல்லாவற்றையும் கிழித்தேன்.

பார்த்துவிட்டு எழுதுங்கள்.

வண்டு


பிப்ரவரி 15

வண்டுக்கு,

எனக்கு நண்டு வாங்க நேரம் இல்லை. பரீட்சைத் தாள்கள் வந்து குவிந்திருக்கின்றன. உன் அம்மாவுக்குப் பிசியோதெரபி. உன் அண்ணன் வெளியூரில்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். ஏப்ரல் நேர்காணல் முடியட்டும். அதுவரை வாயைத் திறக்காதே. அதற்கப்புறம் நீ எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன்.

இவ்வளவு நாள் பொறுத்த நண்டு இன்னும் கொஞ்சம் பொறுக்கும்.

அண்ணி


பிப்ரவரி 26

அன்புள்ள அண்ணிக்கு,

சரி. காத்திருக்கிறேன்.

எங்கள் ஆய்வகத் தலைவி கட்டுரை எங்கே, எங்கே என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். இன்னும் ஒரு சோதனை பாக்கி என்று பொய் சொன்னேன். எனக்குப் பொய் சொல்ல வராது என்று உங்களுக்குத் தெரியும். காது சிவந்துவிட்டது. குளிர் என்று நினைத்துக்கொண்டாள்.

நேர்காணலுக்கு அந்தச் சாம்பல் நிறப் புடவையைக் கட்டாதீர்கள். அதில் நீங்கள் ஏற்கெனவே ஓய்வு பெற்றவர் மாதிரி தெரிவீர்கள். நீலத்தைக் கட்டுங்கள்.

வண்டு


மே 9

அண்ணிக்கு,

இன்று காலை எங்கள் தலைவி என்னைக் கூப்பிட்டுத் தன் திரையை என் பக்கம் திருப்பினாள். "இது உன் அண்ணிதானே? நீங்க வீட்ல பேசிக்கவே மாட்டீங்களா?" என்று கேட்டாள்.

"நண்டின் கொடுக்கில் இரண்டு புரதங்கள்: ஒரு திருத்தம்." எழுதியவர் ஒருவர். நீங்கள் மட்டும்.

படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறீர்கள். எப்போதுமே நன்றாக எழுதுவீர்கள். உடனே கொதிக்க வைத்த தசை ஒரு பக்கம், மேசையில் விட்ட தசை மறுபக்கம். டீ குடிக்கப் போகச் சொன்னதை மட்டும் எழுதவில்லை. மற்றபடி என் கடிதத்தில் இருந்த செய்முறை அப்படியே இருக்கிறது.

பிறகு அந்த வரிக்கு வந்தேன். "முதல் ஆய்வில் மாதிரிகள் இரண்டாம் ஆசிரியரால் குளிரூட்டப்படாத நிலையில் தயாரிக்கப்பட்டன என்பது இப்போது தெரியவருகிறது." யாரிடமிருந்து தெரியவந்தது, அண்ணி? நான் எழுதியதிலிருந்துதானே? நான் ஒரு பழைய சிரிப்பை உங்களுக்கு நினைவுபடுத்தினேன். அதில் உங்கள் பாதியை வெட்டி எறிந்துவிட்டு என் பாதியை மட்டும் அச்சில் ஏற்றிவிட்டீர்கள்.

கடைசியில் ஒரு குறிப்பு. இரண்டாம் ஆசிரியரைத் தொடர்புகொள்ள முடியவில்லையாம். பழைய பல்கலைக்கழக முகவரிக்கு எழுதிப் பார்த்தார்களாம். பத்திரிகைக்காரர்களுக்கு அந்த முகவரியைக் கொடுத்தது யார்? நான் என்ன காணாமல் போனவளா? உங்கள் பீரோவில் என் கையெழுத்தோடு என் முகவரி இருக்கிறது.

பதவி உங்களுக்குத்தான் என்று அண்ணன் போன் செய்தபோது நான் இங்கே நடைபாதையில் நின்று கத்தினேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். உங்களுக்குப் பூங்கொத்துப் படம் அனுப்பினேன். நீங்கள் இரண்டு கை கூப்பும் படம் அனுப்பினீர்கள். அந்த நேரத்தில் இது அச்சுக்குப் போய்க்கொண்டிருந்திருக்கும்.

உங்கள் பெயரை முதலில் போட்டு நான் எழுதிய கட்டுரை இன்னும் என் மேசைமேல்தான் இருக்கிறது. அதில் சொல்ல இனி ஒன்றும் இல்லை. தலைவி முகத்தில் அடித்தமாதிரி பேசவில்லை. "பார்க்கலாம்" என்றாள். ஒப்பந்த வேலை பார்ப்பவர்களுக்கு அந்த வார்த்தையின் அர்த்தம் தெரியும்.

நீங்கள் சம்மதிக்காமல் ஒரு வரிகூட அனுப்ப மாட்டேன் என்று எழுதினேன். அதே வார்த்தையை உங்களிடமிருந்தும் வாங்கியிருக்க வேண்டும். தோன்றவில்லை. வீட்டு மனுஷி என்று இருந்துவிட்டேன்.


மே 21

வண்டுக்கு,

உண்மை வெளியே வர வேண்டும் என்றாய். வந்துவிட்டது. இப்போது உன் குறை என்ன?

அந்தப் பெண் தேடிக்கொண்டிருந்தாள் என்று எழுதினாயே, இனிமேல் யாரும் தேட மாட்டார்கள். அதற்காகத்தானே கடிதம் எழுதினாய்? இல்லை, அவள் பெயரைச் சொல்லி உன் ஒப்பந்தத்தை நீட்டிக்கவா?

செய்முறை உன்னுடையது என்கிறாய். தசையைக் கொதிக்க வைப்பது நீ கண்டுபிடித்ததா?

நான் சொல்வதையும் கேள். நேரம் இல்லை என்று எழுதிய மறு ஞாயிற்றுக்கிழமையே சந்தைக்குப் போனேன். நண்டு வாங்கினேன். கல்லூரிக் காவலாளி, "என்ன மேடம், ஞாயித்துக்கிழமை சமையல் இங்கயா?" என்று கேட்டுக்கொண்டே கதவைத் திறந்துவிட்டார். ஒரு நண்டு என் விரலைக் கவ்வியது, விட மாட்டேன் என்றது. ஒரு கொடுக்கைக் கொதிக்கும் கரைசலில் போட்டேன். இன்னொன்றை விட்டுவிட்டு வெளியே வந்து மரத்தடியில் நின்றேன். டீக்கடை மூடியிருந்தது.

ஜெல்லின் அடியில் இரண்டு கையையும் விட்டேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகு தூக்குகிறேன். கிழியவில்லை. விளக்கின்மேல் வைத்தேன். ஒரு வரிசையில் மேலே பெரியது மட்டும். கீழே ஒன்றும் இல்லை, சுத்தமாக. பக்கத்து வரிசையில் இரண்டும்.

நீ சொன்னது சரி. என் கட்டுரை போயிற்று. நான் அழுதிருக்க வேண்டும். அழவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது வண்டு. பாத்திரம், பரீட்சைத் தாள், மருந்துச் சீட்டு, இவற்றுக்கு நடுவில் நானே என் கையால் ஒன்றைத் தெரிந்துகொண்டேன். உடனே உனக்கு எழுதத்தான் பேனாவை எடுத்தேன். "வண்டு, நீ சொன்னது சரி" என்று ஒரு வரி எழுதவும் எழுதினேன். பிறகு, இதை அனுப்பினால் இதுவும் உன்னுடையதாகிவிடும் என்று தோன்றியது. நீ முதலில் கண்டவள், நான் சரிபார்த்தவள். என் பெயரை முதலில் போடுவாய், எல்லோருக்கும் தெரியும் அது பிச்சை என்று. காகிதத்தைக் கிழித்தேன்.

நேர்காணலில் அவர்கள் கேட்பதற்கு முன் நானே சொன்னேன். "என் கட்டுரை தப்பு. நானே கண்டுபிடிச்சு, நானே திருத்தி அனுப்பியிருக்கேன்." வெளியிலிருந்து வந்திருந்த நிபுணர் எழுந்து நின்று கை கொடுத்தார். நீலப் புடவைதான் கட்டியிருந்தேன், நீ கேட்பாய் என்பதால் சொல்கிறேன்.

குளிரூட்டாமல் அறுக்கச் சொன்னது நானா? எனக்கு நினைவில்லை. சொல்லியிருக்கலாம். ஆனால் அறுத்தது நீ. அச்சில் இருப்பதில் பொய்யான ஒரு வார்த்தை இருந்தால் காட்டு, அதையும் திருத்தி அனுப்புகிறேன்.

முகவரி விஷயம் மட்டும் நான் செய்தது சரியில்லை. அதற்குமேல் எழுத முடியாது.

அண்ணி


ஜூன் 30

அண்ணிக்கு,

ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. தேனீக்களை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டேன். அடுத்த வாரம் அங்கே வருகிறேன். உங்கள் வீட்டுக்கு அல்ல. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஓர் அறை பார்த்திருக்கிறேன்.

அம்மாவிடம் எதுவும் சொல்லாதீர்கள். அண்ணனிடம் நீங்கள் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் எனக்கு எழுதிய கடிதங்களை அவருடைய அலுவலக முகவரிக்கு அனுப்பிவிட்டேன். பிறந்தநாள் வாழ்த்து, ஆஸ்பத்திரி வராந்தா, எல்லாம் இருக்கிறது. அவற்றிலும் பொய்யான ஒரு வார்த்தை இல்லை.


செப்டம்பர் 2

வண்டுக்கு,

இரண்டு தெரு தள்ளி இருக்கிறாய், தபாலில் எழுதுகிறேன். நேரில் வந்தால் கதவைத் திறப்பாயா என்று தெரியவில்லை. திறந்தால் என்ன பேசுவது என்றும் தெரியவில்லை.

நீ நினைத்தது நடந்துவிட்டது. உன் அண்ணன் ஹாலில் படுக்கிறார். என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "ஆஸ்பத்திரியில நான் உன்னைப் பார்த்தேன்னு எழுதியிருக்கியே, நான் எங்க பார்த்தேன்? நான் சும்மா நின்னுட்டிருந்தேன்." கடிதத்தில் இருந்த அத்தனையிலும் அவருக்கு அதுதான் உறுத்தியது. உனக்கு நான் செய்தது அல்ல. நான் இழந்தது அல்ல. "சரி, நீங்க பார்க்கல" என்றேன். அதற்குப்பின் பேச்சு நின்றுவிட்டது. உப்பு வேண்டுமென்றால் பாப்பாவிடம் கேட்கிறார். பாப்பா எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அஞ்சல்காரியாகிவிட்டாள்.

உன் அம்மா நடைப்பயிற்சி என்று சொல்லிவிட்டு உன் அறைக்குத்தான் வருகிறாள் என்று எனக்குத் தெரியும். தடியை ஊன்றிக்கொண்டு உன் மாடிப்படி ஏறுகிறாள். திரும்பி வந்து, "அவ ஒரு வேளைதான் சமைக்கிறா" என்று சுவரைப் பார்த்துச் சொல்கிறாள். சுவர் நான்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் துறையில் ஒரு தற்காலிக விரிவுரையாளர் இடம் காலியாக இருக்கிறது. செய்முறை வகுப்புகள். நுண்ணோக்கி ஒன்றுதான், எண்பது பெண்கள். உன் தகுதிக்கு இது குறைவு என்று எனக்குத் தெரியும். தேர்வுக் குழுவில் நான் உட்கார மாட்டேன், எழுதிக் கொடுத்துவிட்டேன். விண்ணப்பம் மட்டும் துறைத்தலைவர் பெயருக்குத்தான் வர வேண்டும், அது விதி.

இது பரிகாரம் இல்லை. வீட்டில் நிம்மதிக்காகவும் இருக்கலாம், எனக்கே சரியாகத் தெரியவில்லை. ஆனால் வந்தாயானால் ஒன்று. கல்லூரிக்குள் என்னை அண்ணி என்று கூப்பிடாதே. தலையாட்டி காத்துக்கொண்டிருக்கிறார். தன் வீட்டு ஆளை உள்ளே கொண்டுவந்துவிட்டாள் என்று முதல்வரிடம் ஓடுவார். அங்கே நான் துறைத்தலைவர், நீ விரிவுரையாளர். அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆய்வகத்தில் நாம் மறுபடியும்... வேண்டாம். விடு.

அண்ணி


செப்டம்பர் 8

பெறுநர்: துறைத்தலைவர், விலங்கியல் துறை.
பொருள்: தற்காலிக விரிவுரையாளர் பணியிடம் தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

தங்கள் துறையில் உள்ள மேற்கண்ட பணியிடத்துக்கு எனது விண்ணப்பத்தையும் சான்றிதழ் நகல்களையும் இத்துடன் இணைத்துள்ளேன்.

நான் முதுகெலும்பில்லாத உயிரினங்களின் தசைகளில் உள்ள மீள்புரதங்களைப் பற்றிப் பல ஆண்டுகள் ஆய்வு செய்துள்ளேன். தேனீயின் சிறகுத் தசையிலும் கால் தசையிலும் நல்ல அனுபவம் உண்டு. நண்டு பற்றிய எனது பணி குறித்துத் தாங்கள் அறிவீர்கள். அது தொடர்பாக அச்சில் வந்துள்ளதற்கு மேல் நான் சேர்க்க விரும்புவது எதுவும் இல்லை.

மாணவிகளுக்குச் செய்முறை வகுப்பு எடுக்க இயலும். கருவிகள் குறைவாக இருப்பது எனக்குத் தடையாக இராது. ஞாயிற்றுக்கிழமைகளில் பணிபுரிய இயலாது. அன்று என் தாயார் என்னைப் பார்க்க வருவார்.

என் நடப்பு முகவரி விண்ணப்பத்தில் தெளிவாக எழுதப்பட்டுள்ளது. நேர்காணல் அழைப்பை அந்த முகவரிக்கே அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இக்கல்லூரியில் விண்ணப்பதாரருக்கு உறவினர் எவரேனும் பணிபுரிகிறார்களா என்று படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. அதை நிரப்பச் சிறிது நேரம் ஆயிற்று. "இல்லை" என்று எழுதியிருக்கிறேன்.

விண்ணப்பதாரர்